தீராத உடல்வலியும் மனச்சோர்வும்: சிங்கப்பூரில் முதலில் யாரிடம் செல்வது?

முதுகுவலி தொடங்கி ஆறு மாதம் ஆகிறது. எக்ஸ்ரேயும் இரத்தப் பரிசோதனையும் எடுத்தாகிவிட்டது. வயதுக்கேற்ற தேய்மானத்தைத் தவிரப் பெரிதாக ஒன்றுமில்லை என்கிறார்கள். இதற்கிடையில் விடியற்காலை மூன்று மணிக்கே விழிப்பு வந்துவிடுகிறது, சாப்பாடு ருசிப்பதில்லை, கோயிலுக்குப் போகவோ உறவினர் வீட்டு விசேஷத்துக்குக் கிளம்பவோ மனம் எழுவதில்லை. இந்நிலையில் இருப்பவர்களும் அவர்களைக் கவனித்துக்கொள்ளும் பிள்ளைகளும் திரும்பத் திரும்பக் கேட்பது இதுதான்: எலும்பு மருத்துவரைப் பார்ப்பதா, மனநல மருத்துவரைப் பார்ப்பதா, தேக்காவில் எண்ணெய்ச் சிகிச்சை எடுத்துப் பார்ப்பதா, அல்லது வலி மாத்திரையோடு இன்னும் சில மாதம் பொறுத்துக்கொள்வதா?

இந்தக் குழப்பம் நியாயமானது, ஏனெனில் மனச்சோர்வு நோய் பலருக்கு உடல்வலியாகவே முதலில் வெளிப்படுகிறது. உலகச் சுகாதார நிறுவனம் 14 நாடுகளில் நடத்திய ஆய்வின் தரவுகளைக் கொண்டு 1999இல் வெளியான கட்டுரை ஒன்று, மனச்சோர்வோடு பொது மருத்துவரைப் பார்க்க வந்தவர்களில் 69 விழுக்காட்டினர் உடல் உபாதைகளை மட்டுமே சொன்னார்கள் என்று கண்டறிந்தது. தலைக்கனம், நெஞ்சுப்பாரம், கைகால் குடைச்சல், தீராத அசதி ஆகியவற்றைச் சொல்லும் நோயாளி எதையும் மறைப்பதில்லை. அவருக்கு உண்மையிலேயே வலிக்கிறது.

அதற்கு உடலியல் காரணம் உண்டு. மூளைத்தண்டிலிருந்து தண்டுவடத்துக்கு இறங்கிவரும் நரம்புப் பாதைகள், உடலிலிருந்து மேலே செல்லும் வலிச் செய்திகளை மட்டுப்படுத்தும் வேலையைச் செய்கின்றன. செரோடோனின், நார்அட்ரினலின் என்னும் இரண்டு வேதிப்பொருள்கள் அந்த வேலைக்குத் தேவை. மனநிலையைச் சீராக வைப்பதிலும் இவற்றுக்குப் பங்கு இருக்கிறது. மனச்சோர்வில் இந்த ஒழுங்கு குலையும்போது, மற்ற நேரங்களில் நாம் கவனிக்காமலே விட்டுவிடும் சிறு வலிகூடத் தாங்க முடியாததாகிறது. தூக்கக் குறைவு வலியைத் தாங்கும் திறனை மேலும் குறைக்கிறது; நீடித்த வலி தூக்கத்தையும் நடமாட்டத்தையும் கெடுத்து மனச்சோர்வை ஆழமாக்குகிறது. எனவே எது முதலில் வந்தது என்று தேடிக் காலத்தைச் செலவிடுவதைவிட, இரண்டையும் சேர்த்துக் கவனிக்கக்கூடிய இடம் எது என்று தேடுவதே பயன் தரும் என்பது என் உறுதியான கருத்து.

ஒப்பீட்டுக்கே இடமில்லாத நிலைகள் சில உண்டு. நெஞ்சுவலி, திடீரெனக் கால் பலமிழத்தல், சிறுநீரோ மலமோ கட்டுப்பாடின்றிப் போதல் ஆகியவை இருந்தால் தாமதமின்றி 995ஐ அழைக்க வேண்டும். காய்ச்சலோடு கூடிய முதுகுவலிக்கும் காரணமில்லாமல் உடல் எடை குறைவதற்கும் அதே நாளில் மருத்துவரைப் பார்ப்பது அவசியம். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால், மனநலக் கழகத்தின் 24 மணி நேர எண்ணான 6389 2222ஐ அல்லது சிங்கப்பூர் அபய ஆலோசனைச் சங்கத்தின் 1767ஐ அழைக்கலாம். தற்கொலை முயற்சி 2020ஆம் ஆண்டு ஜனவரி மாதத்திலிருந்து சிங்கப்பூரில் குற்றமன்று. எனவே போலிசுக்குப் பயந்து யாரும் வாய்மூடி இருக்க வேண்டியதில்லை.

## எவற்றை வைத்து ஒப்பிடுவது

ஐந்து அளவுகோல்களை வைத்துக்கொள்கிறேன். முதலாவது, அங்கே போனால் உடல், மனம் இரண்டையும் ஒருசேரப் பார்க்கிறார்களா என்பது. இரண்டாவது, வலிக்குப் பின்னால் வேறு உடல்நோய் இருந்தால் அதைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு. தைராய்டு குறைவு, இரத்தசோகை, பி12 வைட்டமின் பற்றாக்குறை ஆகியவை சோர்வையும் உடல்வலியையும் சேர்த்தே தருபவை. சைவ உணவு மட்டும் உண்பவர்களுக்குப் பி12 குறைபாடு எளிதில் வரும். நீரிழிவு நம் சமூகத்தில் மிகுதி என்பதால், கால் எரிச்சலும் குத்தலும் நரம்புப் பாதிப்பாகவும் இருக்கலாம். மூன்றாவது, அரசாங்கக் கட்டணக் கழிவும் மருத்துவச் சேமிப்புக் கணக்கான மெடிசேவும் போக ஓர் ஆண்டுக்குக் கையிலிருந்து போகும் பணம். நான்காவது, காத்திருக்கும் காலம். ஐந்தாவது, தமிழில் மனம்விட்டுப் பேச முடிகிறதா, பேசியது வெளியே போகாமல் இருக்குமா என்பது. இந்த ஐந்தாவதைப் பலரும் கடைசியாக எண்ணுகிறார்கள். மருத்துவரிடம் பாதியை மட்டும் சொன்னால் கிடைக்கும் சிகிச்சையும் பாதியாகவே இருக்கும் என்பதால் நான் அதற்கு மிகுந்த எடை தருகிறேன்.

## வலி மாத்திரை, உருவுதல், பாரம்பரிய சிகிச்சை

எளிதில் கிடைப்பதும் தொடக்கத்தில் மலிவாகத் தெரிவதும் இந்த வழிதான். இரண்டு மூன்று வாரத்து வலிக்கு, அதுவும் மனநிலையில் மாற்றம் ஏதும் இல்லாதபோது, இது பொருத்தமானதே. எண்ணெய்ச் சிகிச்சையின் இதமும், தமிழிலேயே பேசி, அவசரப்படாமல் கேட்டுக்கொள்ளும் ஒருவரின் கவனிப்பும் சோர்ந்த மனத்துக்கு ஆறுதல் தருகின்றன. அதைக் குறைத்து மதிப்பிட எனக்கு விருப்பமில்லை.

ஆனால் மறைந்திருக்கும் செலவு இங்கேதான் அதிகம். பாரசிட்டமால் பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 4 கிராமுக்கு மேல் போகக்கூடாது. சளி மருந்திலும் அது கலந்திருப்பதைக் கவனிக்காமல் பலர் அளவைத் தாண்டிவிடுகிறார்கள். ஐபுரோஃபென் வகை மாத்திரைகளை மாதக்கணக்கில் விழுங்கினால் வயிற்றிலும் சிறுநீரகத்திலும் பாதிப்பு வரலாம், அதிலும் நீரிழிவும் இரத்த அழுத்தமும் உள்ளவர்களுக்கு ஆபத்து கூடுதல். சீன மருத்துவர்களும் அக்குபங்சர் செய்பவர்களும் சிங்கப்பூரில் சட்டப்படி பதிவு பெற்றிருக்க வேண்டும். ஆயுர்வேதத்துக்கும் சித்த மருத்துவத்துக்கும் அத்தகைய பதிவு முறை இங்கே இல்லை. இணையத்தில் விற்கப்பட்ட ஆயுர்வேத மருந்துகளை அமெரிக்காவில் சோதித்து 2008இல் வெளியிட்ட ஆய்வில், ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில் ஈயம், பாதரசம், ஆர்செனிக் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று இருந்தது. ஈயம் உடலில் சேர்ந்தால் வயிற்றுவலியும் களைப்பும் மனக்குழப்பமும் வரும். அதாவது, எதைத் தீர்க்க மருந்து எடுத்தோமோ அதுவே கூடிவிடும். வெளிப்பூச்சும் உருவுதலும் வேறு. ஊரிலிருந்து பெட்டியில் வரும் பொடிகளும் உருண்டைகளும் வேறு.

எல்லாவற்றையும்விடப் பெரிய இழப்பு காலம். மனச்சோர்வு கவனிக்கப்படாமல் கடந்துபோகும் ஒவ்வொரு மாதமும் குணமாவதைக் கடினமாக்குகிறது.

## எலும்பு மருத்துவரும் வலிச் சிகிச்சை நிபுணரும்

விழுந்து அடிபட்டவர்கள், மூட்டு வீங்கியவர்கள், இடுப்பிலிருந்து கால்வரை மின்னல்போல் வலி பாய்கிறவர்கள், ஏற்கெனவே அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்கள் ஆகியோருக்கு இதுவே சரியான இடம். சிங்கப்பூர்ப் பொது மருத்துவமனை போன்ற பெரிய மருத்துவமனைகளில் வலிச் சிகிச்சைப் பிரிவுகள் உண்டு. அங்கே மருந்தோடு உடற்பயிற்சிச் சிகிச்சையும் மனப்பயிற்சியும் சேர்த்துத் தரப்படுவதால், மூன்று மாதத்துக்கும் மேல் நீடிக்கும் வலிக்கு அவை மிக நல்ல தேர்வு. ஆயினும் அவை பரிந்துரைக் கடிதத்தோடு செல்லும் இடங்கள். நேரே போய் நிற்கும் முதல் கதவாக அவை அமைவதில்லை.

நேரடியாகத் தனியார் எலும்பு மருத்துவரிடம் போவதில் வேறொரு சிக்கல் இருக்கிறது. நடுத்தர வயதைக் கடந்த எவருடைய முதுகை ஸ்கேன் எடுத்தாலும், வலி இல்லாதவர்களுக்கும்கூட, தேய்மானமோ முதுகெலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டின் பிதுக்கமோ தெரிவது வழக்கம். படத்தில் தெரிவதுதான் வலிக்குக் காரணம் என்று நோயாளி நம்பத் தொடங்கிவிட்டால், ஊசி, இடுப்புப் பட்டை, மறுபடியும் ஸ்கேன் என்று ஆயிரக்கணக்கான வெள்ளி போய்க்கொண்டே இருக்கும், தூக்கத்தைப் பற்றியும் மனத்தைப் பற்றியும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். மருந்துகளிலும் கவனம் தேவை. டிராமடோல் என்னும் வலி மருந்தைச் சில மனச்சோர்வு மருந்துகளோடு சேர்த்து எடுத்தால் செரோடோனின் அளவுக்கு மீறிக் கூடி நடுக்கமும் காய்ச்சலும் வரலாம். ஐபுரோஃபென் வகை மாத்திரைகளை அவற்றோடு சேர்த்து எடுத்தால் இரைப்பையில் இரத்தக்கசிவுக்கான வாய்ப்பு கூடுகிறது. இரண்டு மருத்துவர்கள் ஒருவர் எழுதியதை மற்றவர் அறியாமல் எழுதும்போதுதான் இவை நேர்கின்றன.

## பலதுறை மருந்தகமும் குடும்ப மருத்துவரும்

பெரும்பாலோர் முதலில் செல்ல வேண்டிய இடம் இதுதான் என்று நான் கருதுகிறேன். சர்க்கரை, தைராய்டு, இரத்தசோகை ஆகியவற்றுக்கான பரிசோதனை, பிஎச்கியூ-9 என்னும் ஒன்பது கேள்விகள் கொண்ட மனச்சோர்வு மதிப்பீடு, வலிக்கான தொடக்க மருந்து, தேவையானால் நிபுணருக்கான பரிந்துரைக் கடிதம் ஆகிய நான்கும் ஒரே கூரையின்கீழ் கிடைக்கின்றன. எல்லாப் பலதுறை மருந்தகங்களிலும், கூடுதலாக 900 தனியார் மருந்தகங்களிலும் 2030க்குள் மனநலச் சேவை கிடைக்க வேண்டும் என்பது அரசாங்கம் அறிவித்துள்ள இலக்கு; சேவை இருக்கும் இடம் எது என்பதை முன்பதிவு செய்யும்போதே கேட்டு அறியலாம்.

செலவுக் கணக்கிலும் இந்த வழி முன்னிற்கிறது. கடும் மனச்சோர்வு, நாட்பட்ட நோய் நிர்வாகத் திட்டத்தில் 2009 முதல் இடம்பெற்றிருக்கிறது. ஆகவே சமூகச் சுகாதார உதவித் திட்டத்தின் சாஸ் அட்டை வைத்திருப்பவர்களுக்கு, அட்டையின் நிறத்தைப் பொறுத்து, அதில் பங்குபெறும் தனியார் மருந்தகங்களில் கழிவு கிடைக்கிறது. மெடிசேவ் கணக்கிலிருந்து ஆண்டுக்கு 500 வெள்ளிவரையும், நோய்நிலை சிக்கலானதாயின் 700 வெள்ளிவரையும் எடுக்கலாம். பொதுவாகக் கட்டணத்தில் 15 விழுக்காட்டை ரொக்கமாகச் செலுத்த வேண்டும். பெற்றோரின் சிகிச்சைக்குப் பிள்ளைகளின் கணக்கையும் பயன்படுத்த முடியும். மூட்டுத் தேய்மானம் இந்தத் திட்டத்தில் உண்டு. சாதாரண முதுகுவலி இல்லை. வலி ஒன்றை மட்டுமே சொல்லிக்கொண்டு மருந்தகம் மருந்தகமாக அலைபவர், தமக்குரிய உதவியையே இழக்கிறார் என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இரண்டையும் ஒரே இடத்தில் கவனிப்பது பலன் தருகிறதா என்று கேட்பவர்களுக்கு, அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் 250 நோயாளிகளிடம் நடத்தி 2009இல் வெளியிடப்பட்ட ஓர் ஆய்வைக் காட்டலாம். தசை, மூட்டு வலியும் மனச்சோர்வும் சேர்ந்திருந்த அவர்களில் ஒரு பாதியினருக்குப் பொது மருத்துவர் மட்டத்திலேயே மனச்சோர்வு மருந்தைச் சரியான அளவுக்கு உயர்த்தி, பிறகு வலியைத் தாமே சமாளிக்கும் பயிற்சியையும் தந்தார்கள். மறு பாதியினர் வழக்கமான சிகிச்சையைத் தொடர்ந்தார்கள். ஓராண்டுக்குப் பிறகு வலி, மனச்சோர்வு இரண்டிலும் ஒருங்கே முன்னேறியவர்கள் முதல் பிரிவில் 26 விழுக்காடு, இரண்டாவதில் 8 விழுக்காடு. எல்லாரும் குணமாகிவிடவில்லை என்பதையும் அதே எண்கள் சொல்கின்றன. ஆனால் வேறுபாடு மூன்று மடங்குக்கும் மேல்.

இந்த வழியின் குறைகளும் சிறியவையல்ல. பலதுறை மருந்தகத்தில் ஒவ்வொரு முறையும் வேறு மருத்துவர் இருக்கலாம். கிடைக்கும் நேரம் சில நிமிடங்கள். இதற்கு நான் சொல்லும் வழி, கதையை வலியோடு மட்டும் நிறுத்தாமல் மூன்று செய்திகளை முதல் நிமிடத்திலேயே சொல்லிவிடுவது: வலி எத்தனை மாதமாக இருக்கிறது, தூக்கம் எப்படிக் கெட்டிருக்கிறது, முன்பு விரும்பிச் செய்தவற்றில் எவற்றைக் கைவிட்டிருக்கிறோம். இரண்டு வாரத்துக்கும் மேலாகப் பெரும்பாலான நாள்களில் எதிலும் நாட்டமில்லை என்று சொன்னால் மருத்துவரின் கேள்விகளே மாறும். குடும்ப மருத்துவர் ஒருவரிடம் பதிந்துகொள்ளும் ஹெல்தியர் எஸ்ஜி திட்டத்தில் சேர்ந்த, 40 வயதோ அதற்கு மேலோ உள்ளவர்களுக்கு ஒரே மருத்துவர் தொடர்ந்து பார்க்கும் வசதி இருப்பதால், இயன்றவர்கள் அதைப் பயன்படுத்திக்கொள்ள வேண்டும்.

மொழி இன்னொரு தடை. மகனோ மருமகளோ உடன் வந்து மொழிபெயர்க்கும்போது, வீட்டிலுள்ள மனக்கசப்பையோ சாவைப் பற்றிய எண்ணத்தையோ எந்தத் தாயும் தந்தையும் அவர்கள் வாயால் சொல்லவைக்க மாட்டார்கள். தமிழ் பேசும் தாதியர் இருக்கிறார்களா என்று முன்கூட்டியே கேட்பதும், பிள்ளைகள் ஐந்து நிமிடம் வெளியே அமர்வதும் மிகப் பெரிய மாற்றத்தைத் தரும். உடன் வருகிறவர்களுக்கு இது வருத்தமாக இருக்கலாம். அன்பினால் வந்திருக்கிறீர்கள், அந்த அன்பினாலேயே சற்று நேரம் வெளியே இருங்கள்.

## மனநல மருத்துவர்

முன்பு மனச்சோர்வு வந்து மீண்டும் வந்திருப்பவர்கள், உயிரை விடும் எண்ணம் உள்ளவர்கள், அளவுக்கு மீறிய உற்சாகமும் அளவுக்கு மீறிய சோர்வும் மாறி மாறி வருகிறவர்கள், இல்லாத குரல் கேட்கிறவர்கள், இரண்டு மருந்துகளை முறையாக எடுத்தும் தேறாதவர்கள், பிரசவத்துக்குப் பின் சோர்ந்திருக்கும் தாய்மார்கள் ஆகியோர் காத்திருக்காமல் இந்த வழியில் செல்ல வேண்டும். உற்சாகமும் சோர்வும் இப்படி மாறி மாறி வரும் இரு துருவ மனநோய் உள்ளவருக்கு மனச்சோர்வு மருந்து மட்டும் கொடுத்தால் நிலைமை மோசமாகலாம் என்பதால், இங்கே நிபுணரின் கண் இன்றியமையாதது.

பலதுறை மருந்தகத்திலிருந்தோ சாஸ் மருத்துவரிடமிருந்தோ கடிதம் பெற்றுச் சென்றால் பொது மருத்துவமனைகளில் கழிவுக் கட்டணம். கடிதமின்றி நேரே சென்றால் முழுக் கட்டணம். கழிவோடு செல்பவர்கள் முதல் சந்திப்புக்குப் பல வாரம் காத்திருக்க நேரலாம். தனியார் மனநல மருத்துவரை அதைவிட விரைவாகப் பார்க்க முடியும், ஆனால் ஒரு சந்திப்புக்கே சில நூறு வெள்ளி ஆகும். சிகிச்சை மாதக்கணக்கில் தொடரும் என்பதால் முதல் கட்டணத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்கக் கூடாது.

புவாங்கோக்கிலுள்ள மனநலக் கழகத்தின் பெயரைக் கேட்டாலே பெரியவர்கள் சிலர் பழைய உட்பிரிட்ஜ் மனநோய் மருத்துவமனையை நினைத்து அஞ்சுகிறார்கள். கழகம் அங்கு இடம்பெயர்ந்து வந்தது 1993இல். இன்று அங்கே செல்பவர்களில் மிகப் பலர் வெளிநோயாளிகளாக வந்து மருந்து பெற்று வீடு திரும்புகிறவர்கள். அப்படியும் மனம் ஒப்பாவிட்டால், டான் டோக் செங், சாங்கி, கூ டெக் புவாட் போன்ற பொது மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவுகள் உண்டு. வலியும் நீரிழிவும் இதயநோயும் சேர்ந்திருப்பவர்களுக்கு அதுவே வசதியாகவும் இருக்கும்.

மனநோய் பதிவானால் காப்புறுதி கிடைக்காதோ என்னும் அச்சத்துக்கு ஓரளவு அடிப்படை உண்டு. புதிதாகத் தனியார் காப்புறுதி எடுக்கும்போது நோயைத் தெரிவிக்க வேண்டும். அந்நோய்க்கு விலக்கு விதிக்கப்படலாம். அடிப்படை மருத்துவக் காப்புறுதியான மெடிஷீல்டு லைஃப் திட்டமோ முன்பே உள்ள நோய்களையும் உள்ளடக்கியது. வேலையிடத்தைப் பொறுத்தவரை, மனநல நிலையைக் காரணம் காட்டிப் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கும் வேலையிட நியாயச் சட்டம் 2025 ஜனவரியில் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. காப்புறுதிக்காக நோயைப் பதியாமலே இருப்பது நல்ல பேரமாக எனக்குத் தோன்றவில்லை. பதியாத நோய்க்குச் சிகிச்சையும் கிடைக்காது.

## ஆலோசகரும் உளவியலாளரும்

கணவரின் மறைவு, ஆட்குறைப்பு, குடும்பத் தகராறு, முதிய பெற்றோரைப் பராமரிக்கும் சுமை ஆகியவற்றுக்குப் பிறகு தொடங்கிய இலேசான சோர்வுக்கு மருந்தைவிடப் பேச்சே முதல் துணை. வட்டாரக் குடும்பச் சேவை நிலையங்களில் சமூக சேவையாளர்களை அணுகலாம். சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கமான சிண்டாவின் குடும்பச் சேவை நிலையத்தில் தமிழிலேயே பேச முடியும் என்பது, ஐந்தாவது அளவுகோலில் மற்ற எல்லா வழிகளையும்விட அதை உயர்த்துகிறது. எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றிப் பழக்கும் சிகிச்சைக்கு மனச்சோர்வு, நாட்பட்ட வலி இரண்டிலும் நல்ல ஆதாரம் இருக்கிறது.

குறை என்னவென்றால், ஆலோசகர் இரத்தப் பரிசோதனை செய்ய முடியாது, மருந்து எழுத முடியாது. வலிக்கான காரணம் பார்க்கப்படாமல் இங்கே மட்டும் வந்தால் ஓர் உடல்நோய் தவறிப்போகலாம். மருத்துவரோடு சேர்த்து இந்த வழியைக் கொள்வதே சிறப்பு.

## வேலை அனுமதியில் இருக்கும் ஊழியர்களுக்கு

கட்டுமானத்திலும் கப்பல் பட்டறையிலும் வேலை செய்யும் தம்பிமார்களுக்கு மேற்சொன்ன கழிவுகள் பொருந்தா. முதுகுவலி என்றால் இரண்டு நாள் மருத்துவ விடுப்பு, மனவலி என்றால் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்னும் அச்சத்தில் அவர்கள் முன்னதை மட்டுமே சொல்கிறார்கள். தங்கும்விடுதி ஊழியர்களுக்கான அடிப்படை மருத்துவத் திட்டத்தின்கீழ் உள்ள மருத்துவ நிலையத்தில் உடம்பைக் காட்டிக்கொண்டு, மனத்திலுள்ளதை வெளிநாட்டு ஊழியர்களுக்கு உதவும் ஹெல்த்செர்வ் அமைப்பின் ஆலோசகர்களிடம் பேசுவது இப்போதைக்கு அவர்களுக்கு இருக்கும் சிறந்த இணைப்பு. முதலாளியின் வழியாகப் போகாமல் அந்த அமைப்பை நேரடியாகவே தொடர்புகொள்ளலாம்.

## தேர்ந்தெடுத்த வழி பலன் தருகிறதா என்று எப்போது பார்ப்பது

மனச்சோர்வு மருந்து வேலை செய்யத் தொடங்கச் சில வாரங்கள் ஆகும். போதுமான அளவில் ஆறு முதல் எட்டு வாரம் எடுத்த பிறகே பலனை மதிப்பிட வேண்டும். முதல் வாரத்துக் குமட்டலைப் பார்த்துவிட்டு நிறுத்துகிறவர்கள் பலர். பெரும்பாலும் அது தானே அடங்கிவிடும். டுலாக்ஸிடின் என்னும் மருந்து மனச்சோர்வுக்கும் சில வகை நாட்பட்ட வலிகளுக்கும் ஒருசேரப் பயன்படுவதால், இரண்டும் உள்ளவர்கள் அது தமக்குப் பொருந்துமா என்று கேட்டுப் பார்க்கலாம். அமிட்ரிப்டிலின் என்னும் பழைய மனச்சோர்வு மருந்தை 10 அல்லது 25 மில்லிகிராம் அளவில் இரவில் தந்தால் அது வலிக்கும் தூக்கத்துக்குமான அளவு. மனச்சோர்வுக்கு அது போதாது. "எனக்கு ஏற்கெனவே மன மருந்து கொடுத்துவிட்டார்கள், பலனில்லை" என்று சொல்பவர்களில் சிலர் எடுத்தது இந்தச் சிறிய அளவைத்தான்.

எட்டு வாரத்தில் தூக்கமும் நாட்டமும் திரும்பி, வலி மட்டும் அப்படியே நின்றால் வலிச் சிகிச்சைப் பிரிவுக்குக் கடிதம் கேட்க வேண்டும், ஏனெனில் எஞ்சி நிற்கும் வலி மனச்சோர்வை மீண்டும் அழைத்துவரக்கூடியது. வலி குறைந்து மனம் தேறாவிட்டால் மனநல மருத்துவருக்குக் கடிதம். இரண்டும் தேறிவிட்டாலும் மருந்தைக் குறைந்தது ஆறு மாதமாவது தொடர்ந்து, பிறகு மருத்துவர் சொல்லும் வேகத்தில் படிப்படியாகக் குறைக்க வேண்டும். சட்டென நிறுத்தினால் தலைசுற்றலும் எரிச்சலும் வரும், அதை நோய் திரும்பியதாகவே பலர் நினைத்துக் கலங்கிவிடுகிறார்கள்.